அட்டைதாரர் துத்தோங்

மனிதன் வீடு கட்டினான். வீட்டுக்குக் கதவு வைத்தான். கதவு வைத்த மறுநாளே எவனோ வந்து அதைத் தட்டினான். நாகரிக வரலாற்றில் நேர்ந்துவிட்ட இந்த மூன்றாவது பிழையைத் திருத்தும் பொருட்டே சான் தெல்மோ ஊராட்சியின் பதினான்காம் எண் சட்டம் இயற்றப்படுகிறது என்று அதன் முகவுரை சொல்கிறது. முகவுரையை எழுதியவர் ஊராட்சித் தலைவர் எலூத்தேரியோ கபாங்பாங். எங்கள் பிலிப்பைன்ஸில் ஊராட்சித் தலைவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். கப்பல் எதுவும் கிடையாது.

கேப்டனின் வருத்தம் நியாயமானதுதான். எங்கள் ஊரில் எதற்கும் ஓர் உறை உண்டு. கூடைப்பந்து அணிக்குச் சட்டை தைக்க உறை, மே மாதத் திருவிழா ராணிக்குப் பாவாடை எடுக்க உறை, மாதா கோவில் ஒலிபெருக்கிக்கு உறை, செத்தவரை அடக்கம் செய்ய உறை. காலி உறையை வாசலில் கொடுத்துவிட்டுப் போவார்கள். பிறகு சிரித்த முகத்தோடு வந்து பணம் போட்ட உறையாக வாங்கிக்கொள்வார்கள். அதில் கேப்டன் வீட்டுக்கு வருகிற உறை மட்டும் மற்றவர்கள் உறையைவிடப் பெரியதாக இருக்கும். தலைவர் என்றால் உறையும் அதற்குத் தக்கபடி இருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். கேப்டன் மூன்று வருடம் பொறுத்தார். பிறகு நகரத்தில், குளிரூட்டிய மண்டபத்தில் நடந்த ‘ஒழுங்கான ஊராட்சி’ கருத்தரங்குக்குப் போய், அங்கே யாரோ ஒரு பணக்காரக் குடியிருப்பின் சட்டத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு வந்தார். அந்தத் தாளில் கதவு தட்டுவோரைப் பற்றியும் வீட்டுப் பிராணிகளைப் பற்றியும் சேர்ந்தே எழுதியிருந்ததால், எங்கள் ஊரிலும் இரண்டும் சேர்ந்தே வந்து இறங்கின.

சட்டம் எளிமையானது. எதையாவது கேட்டு வீட்டு வாசலுக்கு வருகிறவர், ‘வீடு தேடி வந்து கேட்போர்’ ஆவார். அவர் கழுத்தில் அடையாள அட்டை தொங்க வேண்டும். அட்டை இல்லாதவர் வாசற்படி மிதிக்கக் கூடாது. ‘யாராக இருந்தாலும்’ என்ற சொற்களைக் கேப்டன் தம் கைப்படச் சேர்த்தார். வரப்போகிற தேர்தலில் தம்மை எதிர்த்து நிற்கவிருந்த கவுன்சிலர் நொனித்தோவை நினைத்துக்கொண்டு சேர்த்தது அது. இரண்டாவது பிரிவின்படி ஒரு வீட்டில் இரண்டு பிராணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. மூன்றாவது பிராணி நகரத்துக் காப்பகத்துக்கு அனுப்பப்படும். அந்தக் காப்பகத்துக்குப் போன நாய் எதுவும் இதுவரை திரும்பி வந்து அதைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அட்டைகள் அழகாக அச்சாகி வந்தன. எங்கள் ஊரில் ஒரு குழாய் போட்டாலும் அதன் பக்கத்தில் கேப்டனின் முகம் போட்ட பதாகை தொங்கும். அட்டை மட்டும் விதிவிலக்காகுமா? அட்டை முழுக்கக் கேப்டன் சிரித்துக்கொண்டிருந்தார். வைத்திருப்பவரின் படம் கீழ் மூலையில், தபால் தலை அளவில் ஒட்டிக்கொள்ள இடம் விட்டிருந்தார்கள். அட்டைகள் மொத்தம் இருபது. அவ்வளவுக்குத்தான் கழுத்துக்கயிறு கிடைத்தது.

முதல் சிக்கல் கேப்டன் வீட்டிலேயே முளைத்தது. கேப்டனின் மனைவி மிலாக்ரோஸ் அம்மையாரிடம் சடை விழுந்த குட்டை நாய்கள் நான்கு இருந்தன. நான்கையும் குழந்தை வண்டியில் உட்கார வைத்து, தலைக்கு ரிப்பன் கட்டி, மாலையில் உலா கொண்டுபோவார். நான்கு என்பது இரண்டைவிட அதிகம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஊராட்சி மன்றம் அவசரமாகக் கூடி, பிராணி என்றால் நிலத்தில் கால் பாவுவது என்றும், வண்டியில் போகிறவை நிலத்தில் கால் பாவாததால் அவை பிராணிகளே அல்ல என்றும் ஒருமனதாக விளக்கம் தந்தது. அடுத்த வாரமே ஊரில் குழந்தை வண்டி ஒன்றுகூட மிச்சமில்லை. வாத்து வண்டியில் போயிற்று. ஆட்டுக்கிடா வண்டியில் போயிற்று. கைக்குழந்தைகளைத் தாய்மார் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இப்போது சலூத் வீட்டுக்கு வருவோம்.

சலூத் புத்தோ விற்கிறவள். அரிசி மாவை ஆவியில் வேகவைத்து, தேங்காய்த் துருவல் தூவி, வாழையிலை விரித்த முறத்தில் அடுக்கி, காலையில் வீடு வீடாகப் போவாள். கூடவே அவளுடைய நாய் போகும். அடிப்பிடித்த சோற்றின் நிறம் அதற்கு. அடிப்பிடித்த சோற்றுக்கு எங்கள் ஊரில் துத்தோங் என்று பெயர். நாய்க்கும் அதுவே பெயராயிற்று. மகள் வேலைக்காகத் துபாய் போன பிறகு, சலூத் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க வீட்டில் இருந்த ஒரே ஜீவன் துத்தோங்தான். புருஷன் கூலாஸும் வீட்டில்தான் இருந்தான். ஆனால் அவன் தன்னுடைய இரண்டு சண்டைச் சேவல்களின் பேச்சை மட்டும்தான் கேட்பான். விடிந்ததும் அவற்றுக்குக் கால் பிடித்துவிடுவான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சலூத்துக்கு அந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை.

சட்டம் வந்த முதல் நாளே கூலாஸ் இரண்டு சேவலையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்ப் பதிந்துவிட்டு வந்தான். வந்த பிறகுதான் சலூத் கணக்குப் போட்டாள். சேவல் இரண்டு, நாய் ஒன்று. ஒரு சேவலைக் குழம்பு வைத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். கூலாஸ் இரண்டு நாள் அவள் கையால் சாப்பிடவில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு வண்டியை இரவல் வாங்கித் துத்தோங்கை அதில் உட்கார வைத்துப் பார்த்தாள். மூன்றாவது வீட்டில் யாரோ மீன் அரிந்துகொண்டிருந்தார்கள். வாடை வந்ததும் துத்தோங் குதித்து இறங்கிவிட்டது. எதிரே ஊர்க்காவலன் எர்மோ நின்றுகொண்டிருந்தான். எர்மோவின் சட்டை, விசில், தடி எல்லாம் ஊராட்சி கொடுத்தது. மீசை மட்டும்தான் அவனுடையது. ஒருமுறை கூடைப்பந்து உறைக்காரனைத் தெரிந்தவன் என்று விட்டுவிட்டதற்காக அவனுக்குக் கிடைக்க வேண்டிய அரிசியை நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் யாரையும் தெரியாதவனாகிவிட்டான்.

“நாலு காலும் தரையில பட்டுச்சுக்கா,” என்றான் வருத்தமாக. “நான் பாத்துட்டேன். பாக்காத மாதிரி இருந்திருக்கலாம், ஆனா பாத்துட்டேன்.”

காப்பகத்து வண்டி வெள்ளிக்கிழமை வரும் என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று இரவு சலூத் தன் பங்குச் சோற்றையும் துத்தோங்குக்கே வைத்தாள். இந்த நாயை விட்டுவிட்டு அந்த வீட்டில் இரண்டு சேவல்களோடும் ஒரு கூலாஸோடும் எப்படி இருப்பது என்று அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

மறுநாள் துத்தோங்கை இழுத்துக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே எல்லாவற்றையும் எழுதுகிறவள் செயலாளர் சியோனிங். சட்டத்தை முழுதும் படித்த ஒரே ஆள் அவள்தான். இயற்றியவர்கள்கூட முகவுரையோடு நிறுத்திக்கொண்டார்கள். சலூத் அழுது முடிக்கும்வரை சியோனிங் பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

“பகல்ல இது என்ன பண்ணும்?”

“என்கூட வரும். நான் புத்தோ குடுக்குற வீட்டு வாசல்ல எல்லாம் போயி உக்காரும். மீன் தல எதாச்சும் போடுவாங்க.”

“சும்மா உக்காருமா, இல்ல கேக்குமா?”

“ஒருக்கா கொரைக்கும். அவ்வளவுதான். மரியாதையான நாய்.”

சியோனிங் பேனாவைக் கீழே வைத்தாள். “அப்ப எதுக்குக்கா அழுவுற? இது பிராணியே இல்ல. வீட்டுப் பிராணின்னா வீட்டுல கெடக்கணும். வீடு வீடாப் போயி ஒண்ணக் கேக்குதுன்னா, அது ‘வீடு தேடி வந்து கேட்போர்’. ஒரு வீட்டுல ரெண்டு பிராணிதான் இருக்கலாம். கேட்போர் எத்தன பேர் இருக்கலாம்னு சட்டம் ஒண்ணும் சொல்லல.”

சலூத் அந்த மேஜையைச் சுற்றிப் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். சியோனிங் சட்டையைச் சரிசெய்துகொண்டு விண்ணப்பத்தை நிரப்ப ஆரம்பித்தாள். பெயர் துத்தோங். தொழில் சுயதொழில். கேட்பதன் நோக்கம், மீன் தலை, சொந்த உபயோகத்துக்கு. சமயம் என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கினாள். அக்டோபரில் பிராணிகளை ஆசீர்வதிக்கும் பூசையில் பாதிரியார் துத்தோங்மேல் தீர்த்தம் தெளித்ததைச் சலூத் நினைவுபடுத்த, கத்தோலிக்கம் என்று எழுதினாள். திருமண நிலையைப் பற்றிக் கேட்டபோது, அது ஊருக்கே தெரிந்த விஷயம், எழுத வேண்டாம் என்று சலூத் கேட்டுக்கொண்டாள். நன்னடத்தைக்கு அண்டை வீட்டார் இருவர் கையெழுத்துப் போட்டார்கள். இதே இருவர் கூலாஸின் நன்னடத்தைக்குக் கையெழுத்துப் போட மறுத்தவர்கள். வெள்ளைப் பின்னணியில் படம் எடுத்து, மையில் பாதம் ஒற்றி, கழுத்தில் அட்டை மாட்டியாயிற்று. கேப்டன் பெரிதாகச் சிரித்தார். கீழ் மூலையில் துத்தோங் நாக்கைத் தொங்கப் போட்டிருந்தது.

“அப்படியே எனக்கும் ஒண்ணு போட்டுரு சியோனிங். நானும் வீடு வீடாத்தான போறேன்.”

சியோனிங் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை. தண்ணீர் வடிகட்டி விற்கிறவர், சவப்பெட்டிக்கு முன்கூட்டியே தவணை கட்டச் சொல்கிறவர், கேப்டனின் சம்பந்திகள், சம்பந்திகளின் மைத்துனர்கள் என்று பத்தொன்பது அட்டை முன்பே போய்விட்டது. இருபதாவது துத்தோங்கின் கழுத்தில் இருந்தது.

ஆக, சான் தெல்மோவில் யார் வீட்டு வாசலுக்கும் போகும் உரிமை நாய்க்கு இருந்தது; சலூத்துக்கு இல்லை. நாயைக் காப்பாற்றப் போய்ப் பிழைப்பைத் தொலைத்தோமோ என்று அவள் மறுபடி அழ ஆரம்பித்தாள். சியோனிங்தான் மறுபடி பக்கங்களைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தாள். அட்டைதாரர் ஒவ்வொருவரும் சாமான் சுமக்க ஓர் உதவியாளரை வைத்துக்கொள்ளலாம். உதவியாளர் வாசலில் வாய் திறக்கக் கூடாது. கேட்கிற உரிமை அட்டைதாரருக்கு மட்டும்தான்.

மறுநாள் முதல் துத்தோங் முன்னே போயிற்று. சலூத் முறத்தைத் தூக்கிக்கொண்டு பின்னே போனாள். வாசலில் துத்தோங் ஒருமுறை குரைக்கும். சலூத் வாயைத் திறக்காமல் முறத்தை நீட்டுவாள். எர்மோ தடியோடு நின்று, கேட்டது யார் என்று கவனமாகக் குறித்துக்கொள்வான். ஊருக்கு இது பிடித்துப்போயிற்று. புத்தோ முன்னைவிட வேகமாகத் தீர்ந்தது. சலூத் வாயை மூடிக்கொண்டு விற்றால் வியாபாரம் பெருகுகிறது என்று கூலாஸ் சொன்னான். அன்றைக்குச் சேவல்களோடு அவனும் வெளியில்தான் படுத்தான்.

இப்படியே நன்றாகப் போய்க்கொண்டிருந்திருக்கும். தேர்தல் வந்துவிட்டது.

தேர்தல் அறிவித்த பிறகு புதுச் சட்டம் போடக் கூடாது, பழையதைத் திருத்தக் கூடாது, கேப்டன் முகம் போட்ட எதையும் புதிதாக அச்சடிக்கவும் கூடாது. கேப்டனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு ஓட்டுக் கேட்கக் கிளம்பினார். முதல் வீட்டு வாசலிலேயே எர்மோ தடியைக் குறுக்கே நீட்டினான்.

“அட்டை, கேப்டன்.”

“எர்மோ, அட்டையில இருக்கறதே என் மூஞ்சிதானடா.”

“அது குடுத்தவரு மூஞ்சி. வச்சிருக்கறவரு மூஞ்சி கீழ சின்னதா இருக்கும்.”

“நான் யார்கிட்டயும் எதையும் வாங்க வரலடா. ஓட்டுதான் கேக்க வந்தேன்.”

“கேக்க வந்தேன்னு நீங்களே சொல்லிட்டீங்க. நான் காதால கேட்டுட்டேன். கேக்காத மாதிரி இருந்திருக்கலாம்.” எர்மோ சட்டப் பிரதியை எடுத்துக் காட்டினான். ‘யாராக இருந்தாலும்’ என்பது கேப்டனின் சொந்தக் கையெழுத்தில் தெளிவாக இருந்தது.

எதிர்க்கட்சி நொனித்தோ விவரமானவர். உங்கள் வாசலுக்கு வந்து தொல்லை தராத ஒரே வேட்பாளர் என்று தம் வீட்டுச் சுவரில் எழுதி வைத்துவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். கேப்டனால் அப்படிப் படுத்துக்கொள்ள முடியவில்லை. யாருக்காவது உதவியாளராகப் போய்த்தான் வாசல் ஏற முடியும், பேச முடியாவிட்டாலும் முகத்தையாவது காட்டலாம் என்று சியோனிங் சொல்லிவிட்டாள். பத்தொன்பது அட்டைதாரர்களிடமும் ஏற்கெனவே உதவியாளர்கள் இருந்தார்கள். இல்லாவிட்டாலும் சவப்பெட்டித் தவணைக்காரரின் பின்னால் போய் ஓட்டுக் கேட்பது அவ்வளவு உசிதமாகக் கேப்டனுக்குப் படவில்லை. ஊரில் எல்லா வீட்டிலும் சிரித்த முகத்தோடு கதவு திறப்பது ஒரே ஓர் அட்டைதாரருக்குத்தான்.

அன்று மாலை கேப்டன் சலூத் வீட்டுக்கு வந்தார். வாசற்படிக்கு வெளியிலேயே நின்று பேசினார். நாய்க்கு உதவியாளராகத் தம்மைக் கொஞ்ச நாளைக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் பேச்சின் சாரம். மறுத்தால் அட்டையைப் பிடுங்கிவிடுவாரோ என்று சலூத்துக்குப் பயம். ஆனாலும் வியாபாரி அல்லவா?

“வாங்க கேப்டன், வேணாங்கல. ஆனா ஒரு உதவியாளர்தான் போக முடியும். நீங்க போனா நான் வீட்டுல உக்காரணும். என் புத்தோவ யாரு சுமப்பா?”

கேப்டன் சுமந்தார். நான் மிகைப்படுத்தவில்லை, ஊரே பார்த்தது. முன்னே துத்தோங், பின்னே இஸ்திரிச் சட்டையில் முறத்தோடு கேப்டன், அவருக்குப் பின்னே வாய் திறக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு எர்மோ. சலூத் தெருக்கோடியில் நின்று முறத்தில் எத்தனை மிச்சம் என்று பார்த்துக்கொள்வாள்.

ஊருக்கு இது எப்பேர்ப்பட்ட வாய்ப்பு என்று முதலில் புரிந்துகொண்டவள் கோவில் தெரு பெனீத்தா. கேப்டன் பதில் சொல்லக் கூடாது என்பது தெரிந்ததும் அவள் நிலைப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சாக்கடை அடைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் வீட்டுக்குள் வந்த கதையை ஆதியோடு அந்தமாகத் துத்தோங்கிடம் சொன்னாள். கேட்கிற உரிமை அதற்குத்தானே இருக்கிறது? துத்தோங் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு முழுவதையும் கேட்டது.

“பாத்தியா,” என்று பெனீத்தா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். “மூணு வருஷமாச் சொல்றேன். ஒருத்தர் தலையாட்டுனதில்ல. இது ஆட்டுது.”

தலையை மட்டும் ஆட்டவில்லை. சாக்கடையில் மீன் முள் வாடை அடித்திருக்க வேண்டும். துத்தோங் போய் முன்னங்கால்களால் பரபரவென்று பறித்துத் தள்ளிற்று. பழைய சாக்கு ஒன்று வெளியே வந்தது. அடைத்துக்கொண்டிருந்த தண்ணீர் கடகடவென்று ஓடிற்று. கேப்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எர்மோ இருமினான்.

அதன் பிறகு ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் காத்திருந்தார்கள். எரியாத தெருவிளக்கு, வராத நிவாரண அரிசி, கேப்டனின் மச்சான் கட்டி விழுந்துபோன படிக்கட்டு என்று எல்லாவற்றையும் துத்தோங்கிடம் சொல்லிவிட்டு, மீன் தலை ஒன்றைப் போட்டுவிட்டு, புத்தோ வாங்கிக்கொண்டு போனார்கள். கேப்டனிடம் அவர்கள் சொன்னது ‘சில்லறை இருக்கா?’ என்பது மட்டும்தான். துத்தோங் கொழுத்தது. கேப்டன் இளைத்தார்.

ஊராட்சித் தேர்தலில் எங்கள் ஊரில் பெயரை அவரவர் கையாலேயே எழுதிப் போட வேண்டும். அச்சடித்த பெயர் எதுவும் இருக்காது. அன்று சாவடிக்குப் போனவர்களில் பெரும்பாலோர் உள்ளே போகும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்கள். வெளியே வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் இந்த வேடிக்கையைச் செய்வதாக நினைத்தார்கள். மற்றவர்கள் பொறுப்பாக நொனித்தோவுக்குப் போட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் இருந்தது. சலூத்தும் அப்படித்தான் நினைத்து, தன் நாயின் பெயரை அழகாக எழுதி மடித்துப் போட்டாள்.

பள்ளிக்கூடத்து ஆசிரியை ஓட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தார். துத்தோங். துத்தோங். துத்தோங். ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த கூட்டம் முதல் ஐம்பதுவரை கைதட்டிற்று. இருநூறைத் தாண்டியபோது கைதட்டல் நின்றுபோயிற்று. எல்லாம் முடிந்தபோது, வேட்பாளராக மனுப் போடாதவருக்கு விழுந்த ஓட்டு எதுவும் செல்லாது என்று ஆசிரியை அறிவித்தார். செல்லுகிற ஓட்டில் நொனித்தோவுக்கு எழுபத்தொன்பது. கேப்டனுக்கு எண்பத்தொன்று, அத்தனையும் சம்பந்திகளும் மைத்துனர்களும் போட்டது. எலூத்தேரியோ கபாங்பாங் மறுபடியும் கேப்டன்.

வெற்றி பெற்றவர் மறுநாள் முதல் வேலையாகத் துத்தோங்கின் அட்டையை ரத்து செய்தார். உதவியாளர் கேட்கப் போன ஓட்டுகளை அட்டைதாரர் தன் பெயருக்கு வாங்கிக்கொண்டது கடுமையான முறைகேடு என்பது குற்றச்சாட்டு. அட்டை போனால் துத்தோங் கேட்போர் அல்ல. கேட்போர் அல்ல என்றால் பிராணி. பிராணி என்றால் மூன்றாவது. காப்பகத்து வண்டி அலுவலக வாசலிலேயே வந்து நின்றது; பின்கதவைத் திறந்தும் வைத்துவிட்டார்கள்.

சலூத் மாவுக் கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள். துத்தோங்கை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு மேஜைக்கு முன்னால் நின்றாள். கெஞ்சித்தான் பார்க்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள், கேப்டனின் முகத்தைப் பார்த்ததும் கெஞ்சுவதை மறந்துபோனாள்.

“கேப்டன், இத பிராணின்னு எழுதப் போறீங்களா?”

“சட்டம் அப்படித்தான் சொல்லுது.”

“சரி, எழுதுங்க. ஐந்நூறு பேருக்கு மேல ஓட்டுப் போட்டிருக்காங்க இதுக்கு. ஐந்நூறு ஓட்டு வாங்குனது பிராணின்னா, எண்பத்தியோரு ஓட்டு வாங்குனவர என்னன்னு எழுதுறது? சியோனிங், அதுக்கும் ஒரு கட்டம் இருக்கா உன் தாள்ல?”

சியோனிங் தாளைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. கேப்டன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, இதற்கு ஒரு கண்ணியமான வகைப்பாடு தேவைப்படுகிறது என்று கரகரத்த குரலில் சொன்னார்.

சியோனிங் எழுதினாள். ‘மக்களின் நம்பிக்கையைப் பெற்றவர்; பதவி இல்லை.’ இந்த வகையில் வருகிறவர் பிராணி அல்ல, ஆகவே எண்ணிக்கையில் சேரார். கேட்போரும் அல்ல, ஆகவே அட்டை தேவையில்லை. ஓட்டு வாங்கியாகிவிட்ட பிறகு வீடு வீடாகப் போக வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. திரும்ப வந்த அட்டையை, பல் பதிந்த கழுத்துக்கயிறோடு, சலூத் பெயருக்கே போட்டுக் கொடுத்தாள். வண்டி காலியாகத் திரும்பிப் போயிற்று. சலூத் வழியெல்லாம் நாயின் தலையில் முத்தம் கொடுத்துக்கொண்டே வந்தாள். அன்றைக்குக் கூலாஸுக்குக்கூட ஒன்று கிடைத்தது.

அடுத்த மழையில் கோவில் தெருச் சாக்கடை மறுபடி அடைத்துக்கொண்டது. பெனீத்தாவின் தலைமையில் ஊரில் பாதிப் பேர் சலூத் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஆளுக்கொரு மீன் தலை. தாங்கள் ஓட்டுப் போட்டவரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றார்கள். எர்மோ வாசற்படியில் தடியைக் குறுக்கே வைத்தான். கேட்க வந்தவர்களில் யாரிடமும் அட்டை இல்லை. எல்லோரும் மழையில் நனைந்துகொண்டு வேலிக்கு வெளியே நின்று, துத்தோங், துத்தோங் என்று கூப்பிட்டார்கள்.

துத்தோங் உள்ளே, சலூத் விரித்துப் போட்ட சாக்கின்மேல், நேற்றைய மீனைத் தின்றுவிட்டுப் படுத்திருந்தது. குரல் கேட்டு ஒரு காதை உயர்த்திற்று. கூப்பிடுகிறவர்கள் யார் என்று அதற்கு நன்றாகவே தெரியும். பிறகு, இத்தனை ஓட்டு வாங்கியவர்களுக்கு உரிய முறைப்படி, காதைத் தாழ்த்திக்கொண்டு தூங்கிவிட்டது.